கழனிக்குள் வெறுங்கால்

மணலூர்பேட்டை,
ஆவணி 12.

அன்புள்ள மாப்பிள்ளை சிவசங்கருக்கு, மாமா அய்யனார் எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் பழக்கம். இந்த முறை கை வரவில்லை.

நீங்கள் போனில் கூப்பிடும்போதெல்லாம் மணிமொழி தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுகிறாள். வீங்கின காலையும் வயிற்றையும் காட்டுவதில்லை. என்னை வாய் திறக்கவும் விடுவதில்லை. அதனால்தான் மஸ்கட் திரும்பும் தமிழரசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களிடம் வெறும் சோகை என்று சொன்னது பாதிதான். இதயமே கெட்டுவிட்டது. சேற்றிலிருந்து கால் வழியாக ஏறுகிற கொக்கிப்புழு வருஷக்கணக்காக வயிற்றில் இருந்திருக்கிறது. அதை எதிர்க்க ரத்தத்தில் ஒருவகை வெள்ளணு பெருகுமாம். புழு போகாததால் அதுவும் ஓயாமல், கடைசியில் இதயத்துக்குள் புகுந்து உள்சுவரைத் தழும்பாக்கியிருக்கும் என்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. புழு மாத்திரையில் போய்விட்டது. தழும்புக்கு மருந்தில்லை, ஆபரேஷனும் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தை வரை இருந்தால் அதிகமாம்.

பெண்ணை ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆள் வைத்து நடவு முடித்தேன். பயிர் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் நீங்கள் வாங்கித் தந்த ரப்பர் பூட்ஸோடு அவள் வரப்பில் இறங்கினாள். கழனி லட்சுமிம்மா, செருப்புக் காலோட எறங்காத என்று கழற்ற வைத்தவன் நான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் பழக்கினேன். ஊரே வெளிக்கு ஒதுங்குகிற வாய்க்கால் ஓரம் அது. எனக்கு லட்சுமி தெரிந்தாள், அசிங்கம் தெரியவில்லை. பாவி நான்.

ஏம்மா வெறுங்காலோடு திரிந்தாய் என்று டாக்டர் கேட்டார். எனக்குச் செருப்பே பிடிக்காதுங்க சார், அப்பா எவ்வளவோ சொல்வார், நான்தான் கேக்கல என்றாள். பக்கத்தில் நின்றிருந்த நான் ஆமாம் என்று தலையாட்டினேன் மாப்பிள்ளை.

லீவு இல்லை என்று சொல்லாமல் உடனே புறப்பட்டு வாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள். என்னை நீங்கள் என்ன கேட்டாலும் தகும். ஆனால் அவள் எதிரில் வேண்டாம். எனக்காக அவள் சொன்ன பொய்யை அவள் இருக்கும்வரை உடைத்துவிடாதீர்கள்.

உங்கள் பயணம் நல்லபடி அமைய வேண்டும்,
மாமா அய்யனார்.