ஞாயிற்றுக்கிழமை பார்த்த காலியிடம்

பாப்பாவுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முதுகு மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. பெரிய சலவை மெஷின் போன வாரம் கத்திக்கொண்டே நின்றுவிட்டது, பெல்ட் மாற்றியாயிற்று. தம்பி வேலைக்குப் போகிறான், போனதும் சலித்துக்கொள்கிறான், நீ பேசும்போது நீயாக எதுவும் கேட்காதே.

நீ சொன்னபடி குழுவின் முன்னால் போய்ப் பேசினேன். நகரத் திட்டம் படித்தவள் நீ. சட்டத்திருத்தம் சபைக்குப் போவதற்கு முன்னால் உறுப்பினர்கள் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாக அலசுவார்கள், பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், போய் வாயைத் திற அம்மா என்றாய். திறந்தேன். அலசுவது என்றால் என்ன என்று சலவைக்கூடம் நடத்துகிற எனக்குத் தெரியும். அங்கே நடந்தது அது இல்லை.

அந்த நில எடுப்புத் திருத்தத்தின் ஏழாம் பிரிவு என்ன சொல்கிறது என்று உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். திட்ட எல்லைக்குள் கட்டடம் இல்லாத நிலம் எல்லாம் காலி நிலமாம். அதை எடுக்க முன்கூட்டி நோட்டீஸ் வேண்டாம், ஆட்சேபம் கேட்க வேண்டாம். நாம் துணி காயப்போடுகிற பின்பக்கத்து இடம் அவர்கள் வரைபடத்தில் காலி என்று இருக்கிறது. எப்படி என்று விசாரித்தால், குழு நேரில் வந்து பார்த்ததாம். மற்ற நாளில் டிராபிக் என்று ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆஸ்பத்திரியும் நமக்குத் துணி அனுப்புவதில்லை, கொடியெல்லாம் மொட்டையாக இருந்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கக்கூட இல்லை. எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார். "ஒரு கை திரையை விலக்குச்சு, மூடுச்சு, வண்டி போயிடுச்சுக்கா" என்றார். அந்தக் கைக்குத்தான் நாம் வரி கட்டுகிறோம்.

அறை நன்றாக இருந்தது. நீள மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் திறக்காத தண்ணீர் பாட்டில், திறக்காத மசோதா. திருத்தப்படுகிற பழைய சட்டம் மேஜையில் எங்கேயும் இல்லை. இன்ன பிரிவில் இன்ன உட்பிரிவு நீக்கப்படுகிறது என்று செயலாளர் வாசித்தார். அந்த உட்பிரிவில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் ஏற்கலாமா என்றார். ஒரு முனகல். அடுத்தது. ஒருவர் சட்டைப்பையிலிருந்து முந்திரி எடுத்துத் தின்றுகொண்டே இருந்தார். மற்றவர்களைவிட அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை, ஒரு வேலையாவது ஒழுங்காகச் செய்தார்.

என் முறை வந்தது. மூன்று ஆஸ்பத்திரியின் விரிப்புகள் அங்கேதான் காய்கின்றன, அந்த இடம் போனால் சலவைக்கூடம் இல்லை, அதில் வேலை பார்க்கிற பெண்களும் இல்லை என்றேன். கண்ணாடி போட்ட ஒருவர் "அங்க கட்டடம் இருக்காம்மா" என்று கேட்டார். இல்லைங்க, கொடி இருக்கு என்றேன். "கொடி கட்டடம் இல்லையே" என்றார். கட்டடத்துக்குள்ள துணி காயாதுங்க என்றேன். முந்திரி சிரித்தார். நம் தொகுதிக்காரர், போன தேர்தலில் நம் வாசலில் நின்று அப்பாவை அண்ணே அண்ணே என்றவர், என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நாங்கதான் நேர்ல வந்து பார்த்தோமேம்மா, ஒண்ணுமே இல்லையே" என்றார். அன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை காலிதானே" என்றார். பெரிய மடக்கு மடக்கிவிட்ட முகம். உங்க சபைகூடத்தான் ஞாயித்துக்கிழமை காலி, அதையும் எடுத்துக்கலாமுங்களா என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் "பதிவாயிடுச்சு, நன்றிம்மா" என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் ஏழாம் பிரிவு ஏற்கப்பட்டுவிட்டது. முந்திரியும் கை தூக்கினார், மென்றுகொண்டே. நான் பேசியது அறிக்கையின் பின்னிணைப்பில் வருமாம். பெருமைப்படு.

கோபித்துக்கொள்ளாதே. உன் படிப்பை நான் குறை சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிற குழு நல்ல குழுவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா அந்த மசோதாவை ராத்திரியில் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அவர்கள் யாரும் படிக்காததை இவராவது படித்தாரே. சுவரும் கூரையும் இருந்தால் கட்டடமாம், அளவு ஒன்றும் சொல்லவில்லையாம். "கக்கூஸ் கட்டினாலும் நிலம் காலி இல்லையாம், நம்மையும் கூப்பிட்டுக் கேட்டாகணுமாம்" என்றார். சபையில் நிறைவேற இன்னும் சில வாரம் இருக்கிறது.

அதனால் கொத்தனார் வந்துவிட்டார். கக்கூஸ் சுவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பிவிட்டது. வெயில் நாள் முழுக்க விழுகிற நடு இடத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது, ஓரத்தில் கட்டினால் மீதியைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். அங்கே இருந்த கொடிகளை அவிழ்த்துவிட்டோம். சின்ன ஆஸ்பத்திரிக்கு இனி துணி எடுக்க முடியாது என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். கடைசியாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கும் இனி வேலை இல்லை என்று சொல்லியாயிற்று. ஒருத்தி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னொருத்தி சுவரைப் பார்த்து "இது எதுக்குக்கா" என்று கேட்டாள். இடம் உபயோகத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்கு என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நிமிர்ந்து இரு. அடுத்த முறை பேசும்போது குழு, அறிக்கை, நடைமுறை எதுவும் வேண்டாம். அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது என்று கேள். செங்கலை அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

என்றும் உன்
அம்மா