அம்மன் பக்கத்துக் கால்

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை
14-9-1963

அன்புத் தங்கை பாஞ்சாலைக்கு அண்ணன் அர்ஜுனன் எழுதுவது.

இங்கே நான், உன் அண்ணி ஆராயி, சினைமாடு எல்லோரும் சுகம். மாட்டுக்காவது என்மேல் அக்கறை இருக்கிறது, சாயங்காலமானால் ஒரு குரல் கொடுக்கிறது. உன்னிடமிருந்து ஆடியிலும் ஒரு கார்டு இல்லை, ஆவணியிலும் இல்லை. திருவொற்றியூரில் தபால் பெட்டியைப் பிடுங்கிவிட்டார்களா?

கீழ்பென்னாத்தூரில் அண்ணி வீட்டில் வேர்க்கடலை பிடுங்கியாயிற்று. உனக்கென்று ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். நம் தெருச் சின்னசாமியிடம் கொடுத்தனுப்பலாமென்று பார்த்தால் அவன் சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸ் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். வந்தவன் ஒரு சேதி சொன்னான். "வேடியப்பன் காலை இழுத்து இழுத்து நடக்கறான். கம்பெனியிலே தோல் பூட்ஸ் வேற குடுத்திருக்காங்க"ன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டுக்காரர் கால் உன் வீட்டு விவகாரம் என்று நினைத்துக்கொள்ளாதே. அது என் விவகாரம். கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வருஷத்துக்கு ஒரே தடவை வெளியே வருகிறார். ஆடிக்கொண்டே வந்து, ஜனங்கள் கும்பிடுவதற்குள் ஆடிக்கொண்டே உள்ளே போய்விடுகிறார். அவர் ஆட வேண்டுமானால் கீழே தூக்குகிற நாங்கள் குதிக்க வேண்டும். சாமியைச் சுமக்கிற முன்தண்டில் அம்மன் பக்கம் நான், சாமி பக்கம் மச்சான். உன் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்தே அப்படித்தான். உனக்கு மாப்பிள்ளை தேடும்போது நான் ஜாதகமா பார்த்தேன்? எனக்குச் சரியாகத் தோள் உயரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

கொடியேற்றத்துக்கு முன்னாலேயே அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர். கால் எப்படியிருக்கிறதென்று உடனே எழுது.

இப்படிக்கு,
அர்ஜுனன்

திருவொற்றியூர்
25-9-1963

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை பாஞ்சாலை நமஸ்காரத்துடன் எழுதுகிறேன்.

கார்டு போடாதது தப்புதான். இங்கே தண்ணீர் பிடித்து, சமைத்து, இவருக்கு ஷிப்டுக்குக் கட்டிக் கொடுத்தால் பொழுது போய்விடுகிறது. ஆனால் நீயும் பொங்கலுக்கு அப்புறம் இப்போதுதான் எழுதுகிறாய், அதையும் எழுதிக்கொள்.

சின்னசாமி சொன்னது நிஜம். இவருக்கு வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறின மாதிரி இருக்கிறதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு நடை நடந்தால் கொஞ்சம் கம்மியாகிறது. சாயங்காலம் மறுபடி ஜாஸ்தியாகிவிடுகிறது. நான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலால் குதிகாலை அமுக்கினார், இவர் கூரை இடிய ஒரு சத்தம் போட்டார்.

"நாள் பூரா சிமெண்டுத் தரையிலே நிக்கறீங்க. பாதத்துக்கு அடியிலே ஒரு நரம்புப்பட்டை ஓடுது, அது நைஞ்சு போயிருக்கு. கெண்டைக்காலும் கயிறு மாதிரி இறுகிக் கிடக்குது. வெறுங்காலோட நிக்காதீங்க, மெத்துனு இருக்கற செருப்பு போடுங்க. பாரம் தூக்கவே கூடாது"ன்னார். இவர் மெல்ல, "வருஷத்துக்கு ஒருவாட்டி சாமி தூக்குவேன்"ன்னார். "சாமி எவ்வளவு வெயிட்டு?"ன்னு டாக்டர் கேட்டார். இவர் திருதிருவென்று என்னைப் பார்க்கிறார். சாமியை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

அண்ணா, இந்த வருஷம் இவருக்குப் பதிலாக வேறு ஆளை வைத்துக்கொண்டால் என்ன? இதை நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது.

அன்புள்ள,
பாஞ்சாலை

திருவண்ணாமலை
1-10-1963

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. வேறு ஆளாம். கடையில் கத்தரிக்காய் சொத்தை என்றால் வேறு எடுக்கிற மாதிரி எழுதிவிட்டாய். அந்தக் குதிப்பில் நான் கால் தூக்கும்போது எதிர்த்தோள் தானாகத் தூக்க வேண்டும். அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. மச்சான் வராவிட்டால் என் பக்கத்தில் எவன் நிற்பான், நான் எப்படி நிற்பேன் என்று யோசித்தாயா?

டாக்டர் படித்தவர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது சிமெண்டினால் வந்ததில்லை. சாமி தூக்குகிற கால் அது. விரத நாளில் நாம் தோலைத் தொடக்கூட மாட்டோம். அந்தக் காலைக் கொண்டுபோய் மாட்டுத்தோல் பூட்ஸுக்குள் பூட்டி வைத்தால் அது கோபித்துக்கொள்ளாதா? முதலில் அதைக் கழற்றச் சொல். செருப்பும் வேண்டாம். தீபம் வரைக்கும் வெறுங்காலோடு நடக்கட்டும், தானாக விட்டுப்போகும்.

வைத்தியமும் சொல்கிறேன். ஒரு செங்கல்லை அடுப்பில் போட்டு நன்றாகச் சுட வை. வெளியே எடுத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் பழுப்பு எருக்க இலையை அடுக்கி, இடது காலை அதன்மேல் மெல்ல வைக்கச் சொல். இலை வாடுகிற வாசனை வரும், அப்போதே எடுத்துவிட வேண்டும், அசந்தால் தோல் பொத்துப்போகும். முதலில் உயிர் போகிற மாதிரி இருக்கும், அப்புறம் சுகமாக இருக்கும். ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

எருக்கு அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

அர்ஜுனன்

திருவொற்றியூர்
24-10-1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்னபடியே பூட்ஸைக் கழற்றினார். கம்பெனியில் மேஸ்திரி திட்டியும் கேட்காமல், செருப்புகூட இல்லாமல் போனார். "அர்ஜுனன் சொல்லிட்டான்"ன்னு ஒரே பதில். நான் சொன்னால் இந்த மரியாதை கிடைத்ததுண்டா? கடைசியில் போன வெள்ளிக்கிழமை குதிகாலை ஊன்றவே முடியவில்லை. ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று இந்த இன்லண்டில் எழுத இடம் போதாது.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இவருக்கு வலி வலது காலில் என்றுதானே எழுதியிருந்தேன். நீ இடது காலை வைக்கச் சொல்லியிருக்கிறாய். எருக்க இலை வாடுகிற வாசனை உனக்கு எப்படித் தெரியும்? அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறதென்றே தெரியாத ஆள் நீ. அம்மன் பக்கம் நிற்கிறவன் இடது காலைத்தான் அழுத்தி ஊன்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அண்ணிக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன். அண்ணி எல்லாம் எழுதிவிட்டாள். ஆனித் திருமஞ்சனத்தப்போ கோயில் குளத்துப் படியில் கணுக்கால் பிசகினது, யாரிடமும் சொல்லாமல் துணி சுற்றிக்கொண்டு அலைந்தது, அதே காலை அப்புறமும் இரண்டு தடவை மடித்துக்கொண்டது, எல்லாம். வேறு ஆள் பக்கத்தில் நின்றால் உன் நொண்டல் தெரிந்துபோகும், தூக்குகிறவர்களுக்கெல்லாம் பெரியவர் அப்பாசாமி உன்னைத் தண்டிலிருந்து இறக்கிவிடுவார். இவர் நின்றால் உன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொள்வார். அதற்குத்தானே இவ்வளவு அவசரம்?

தெரிந்தவர் ஒருத்தருக்கென்று சொல்லி டாக்டரிடம் கேட்டேன். "பிசகின கணுக்கால் ஆறறதுக்குள்ளே பாரம் ஏத்தினா, அது மறுபடி மறுபடி பிசகும். குதிக்கவே கூடாது"ன்னார்.

அண்ணா, இவர் வலி எவ்வளவு ஜாஸ்தி என்று உன்னிடம் மறைக்கப் பார்க்கிறார். நீ இவரிடம் மறைக்கிறாய். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் நம்பிக்கொண்டு அந்தத் தண்டுக்குக் கீழே நுழையப் போகிறீர்கள். உன் கால் மடிந்தால் பாரம் இவர் குதிகாலில் விழும். மேலே இருக்கிறது யார் என்று நினைத்துப் பார். எனக்கு ராவெல்லாம் பயமாக இருக்கிறது.

நீ தூக்கும் வரைக்கும் இவரும் தூக்குவார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீதான் சொல்ல வேண்டும்.

பாஞ்சாலை

திருவண்ணாமலை
2-11-1963

பாஞ்சாலைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒட்டிப் படித்தேன். ஆராயியோடு பேசுவதில்லை. மாட்டோடுதான் பேச்சு.

மச்சானுக்கு வலி ஜாஸ்தியானது என்னால்தான். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொல்.

கீழே எழுதியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டு.

மச்சான், என் இடது கணுக்கால் போய்விட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நேற்றைக்கு அப்பாசாமியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் என்னால் முடியாதென்று. நான் இல்லாத தண்டில் நீயும் நிற்க வேண்டாம். வா, ரெண்டு பேரும் ஜனத்தோடு ஜனமாக நிற்போம்.

அர்ஜுனன்

திருவொற்றியூர்
5-12-1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் இவருக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது. டாக்டர் சொன்ன ரப்பர் செருப்பு வாங்கியாயிற்று, காலையில் படியில் நின்று கெண்டைக்காலை நீட்டி இழுக்கிறார், வலி பாதி குறைந்திருக்கிறது. உனக்கும் ஒரு ஜோடி அனுப்புகிறேன். அதில் தோலே கிடையாது, கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் அண்ணா, தீபம் முடிந்து வந்ததிலிருந்து இவர் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடும்போது கை அப்படியே நிற்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். நான் பொம்பளைகள் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டேன், உங்கள் பக்கம் என்ன நடந்ததென்று தெரியாது. தண்டை விட்டு இறக்கிவிட்டேனென்று என்மேல் வருத்தமா? உன்னிடமாவது ஏதாவது சொன்னாரா? மறைக்காமல் எழுது. நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பாஞ்சாலை

திருவண்ணாமலை
9-12-1963

என் அன்புத் தங்கை பாஞ்சாலைக்கு,

அசடே, அவருக்கு உன்மேல் வருத்தமில்லை. எனக்கும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

சாயங்காலம் நானும் மச்சானும் கொடிமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நின்றோம். எங்கள் தண்டில் சின்னசாமியும் அவன் தம்பியும் நின்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். சின்னசாமி தோளில் துணியை மடித்துப் போட்ட அழகைப் பார்த்து, "இவனுக்குத் துண்டே மடிக்கத் தெரியல, இவன் எங்கே சாமியை ஆட்டப்போறான்"னு முணுமுணுத்தேன். மேளம் ஆரம்பித்தது. நான் குனிந்து பார்க்கிறேன், மச்சானுடைய கால் நின்ற இடத்திலேயே தாளம் போடுகிறது. என் காலும் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்போது அவர் வந்தார்.

பாஞ்சாலை, இத்தனை வருஷம் தூக்கினேனே, நான் அவரைப் பார்த்ததே இல்லை. தண்டுக்குக் கீழே போனால் எங்களுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருக்கிற தரையும் ஜனங்களின் காலும்தான். அவர் எங்கள் முதுகுக்கு மேலே இருப்பார். உள்ளே போய் இறக்கினதும் திரை போட்டுவிடுவார்கள். மலைமேல் ஜோதி ஏற்றுவதைக்கூட வெளியே எழும்புகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். பாரம் தெரியும். எந்தத் திருப்பத்தில் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். முகம் தெரியாது.

அன்றைக்குத்தான் பார்த்தேன். மாலைக்கு நடுவில் ஒரே முகம், பாதி அவர், பாதி அம்மன். ஆட ஆட மாலை விலகி விலகி மூடுகிறது. என் பக்கம், நான் தோள் கொடுத்த பக்கம், அம்மன் என்னமாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. மச்சான் என் கையைப் பிடித்து நெரித்துவிட்டார். "மச்சான், இவங்களா நம்ம மேலே இருந்தாங்க?"ன்னார். அவ்வளவுதான் பேசினார். திரும்பிப் பார்த்தால் மலைமேல் ஜோதி. ஏற்றின அந்த நொடியிலேயே அதைப் பார்த்ததும் எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டு கை நின்றால் நிற்கட்டும், எனக்கும் நிற்கிறது. ஆராயி திட்டுகிறாள். அவளோடு இப்போது பேச்சு உண்டு.

சின்னசாமி நன்றாகத்தான் குதித்தான். அவனிடம் சொல்லாதே.

செருப்பை அனுப்பு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கணுக்காலை ஊற வைக்கிறேன், வீக்கம் வடிந்து வருகிறது. அடுத்த தீபத்துக்குள் சரியாகிவிடும் என்று அப்பாசாமி சொல்கிறார், நானும் மச்சானும் எப்போது திரும்பி வந்தாலும் அந்த இடம் எங்களுடையது என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் ஆசை. ஆனால் தண்டுக்குக் கீழே போய்விட்டால் மறுபடி அந்த முகம் தெரியாதே. தூக்குவதா, பார்ப்பதா? மச்சானைக் கேட்டு எழுது. அவர் எது சொன்னாலும் நான் அவர் பக்கத்தில்தான்.

வேர்க்கடலைப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். வறுத்து அண்ணி தின்கிறாள்.

உன் அண்ணன்,
அர்ஜுனன்