மிச்சப் பெயிண்ட் அடித்த வீடு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று கூலியில்லாத வேலை. ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவன் வீட்டுச் சுவரைப் பார் என்று மனைவி கல்யாணம் ஆன நாளாகக் கேலி செய்கிறாள். வேலைக்குப் போன இடங்களில் டப்பா அடியில் தங்கியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். கலக்கிக் கலக்கிப் பார்த்ததில் ஒரு நிறம் வந்தது. பச்சையா, நீலமா, எனக்கே தெரியவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்காது. பட்டி பூசி, தேய்த்து, இரண்டு கோட் கொடுத்தேன். மகள், எங்கள் வாலு, மூக்கு நுனியில் பெயிண்டோடு, "அப்பா, இனிமே என் பிரெண்ட்ஸை எல்லாம் கூப்பிடலாம்ல?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 16

மோட்டார் பார்க்க வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னப்பா இது, என் வீடு மாதிரியே இல்லையே!" போனை எடுத்து மூலைக்கு மூலை படம் பிடித்தார். திரையை விலக்கினால் இன்னும் எடுப்பாக இருக்கும் சார் என்று நானே விலக்கிவிட்டேன். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். ஒரே பெருமை இன்று.

மார்ச் 4

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

"தப்பா நினைக்காதப்பா. வெளியூர்க்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா, நீ மாசம் பூரா குடுக்கறது ஒரே வாரத்துல வந்துடுது. படத்தைப் பாத்துட்டு அத்தனை பேர் கேக்குறாங்க."

"சார், அந்தச் சுவரு நான் அடிச்சது சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் கைராசி!"

கைராசியாம். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மனைவியிடம் சொன்னபோது பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல், "யாருங்க உங்களை அவ்வளவு அழகா அடிக்கச் சொன்னது?" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான்.

மார்ச் 15

மாடியில் இருந்த தையல்காரர் குடும்பமும் போய்விட்டது. தெருவில் பாதி வீடுகள் பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. புரோக்கர் என்னைப் பார்த்ததுமே கும்பிடு போட்டார். "அண்ணே, நீங்க சொல்ற வாடகைக்கு இந்த ஏரியாவுல பைக் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும்." போன வருடம் நான் பெயிண்ட் அடித்த வீடுகள் வழியாகவே திரும்பி நடந்தேன். நிறையப் பூட்டித்தான் கிடக்கின்றன. வாங்கிப் போட்டவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். யாருக்கய்யா இத்தனை வீடு?

மார்ச் 22

ஒரு வீடு அமைகிற மாதிரி இருந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 30

மனைவியும் வாலுவும் மச்சான் ஊருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு அறை ஒழித்துத் தருகிறாராம். மூன்று பேருக்கு இடமில்லை. எனக்கு வேலையும் இங்கேதான். "கொஞ்ச நாள்தாங்க" என்றாள். "ஆமா, கொஞ்ச நாள்தான்" என்றேன். இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காலையில் பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன். மொத்தத்தையும் சுரண்டி எறிந்துவிட்டால்? கை வரவில்லை. ச்சே — என்ன பிழைப்பு.

மே 11

வேலை நடக்கிற வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன். மேஸ்திரி கண்டும் காணாமல் இருக்கிறார். வேலை முடிந்தால் அடுத்த வீடு. தின்னர் வாடையில் தலை விண்விண் என்று வலிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மச்சான் ஊருக்குப் போய்வந்தேன். மரியாதைக்குக் குறைவில்லை, மச்சான் நல்ல மனுஷன். ஆனால் வாலு பிஸ்கட் டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் அத்தை முகத்தைப் பார்க்கிறாள். மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. தனியாக இரண்டு வார்த்தை பேச அந்த வீட்டில் ஒரு மூலை இல்லை.

பஸ் நிறுத்தத்தில் வாலு, "பத்திரமா வீட்டுக்குப் போங்கப்பா. போனதும் போன் பண்ணணும்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. நான் எங்கே தங்குகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இப்போதுதான் பேசினேன், சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு. "வந்துட்டேன்டா."

"அப்பா, உங்க குரல் கணகணன்னு எதிரொலிக்குது. அந்த வீடு பெரிசாப்பா?"

"பெரிசுதான்டா. மூணு ரூம்."

"அப்ப எங்களுக்கும் இடம் இருக்கும்ல?"

பின்னால் மனைவியின் குரல் கேட்டது. "அப்பாவுக்கு வேலை இருக்கும்டி. போனை வை."

வைத்துவிட்டாள்.