அதலைக்குத் தண்ணீர் ஊற்றும் அண்ணன்

அன்புள்ள மதினி,

நீங்கள் போன இடத்தில் மழை உண்டா? இங்கே இல்லை. ஆவணி பாதி போய்விட்டது. காலையில் மேகம் கூடுகிறது, மத்தியானத்துக்குள் கலைந்துவிடுகிறது. பட்டாசு ஆலையில் வெடி பின்னிக்கொண்டே நானும் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டி வானத்தைப் பார்க்கிறேன்.

தீபாவளி சீசன் நேரத்தில் மழை வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல முடியுமா? வெயில் இல்லாவிட்டால் சரக்கு காயாது, சரக்கு காயாவிட்டால் எங்களுக்கு வேலை கிடையாது. பக்கத்தில் இருக்கிற அக்கா, "தீவாளி முடியுற மட்டும் மழை இந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது தாயே" என்று கும்பிடுகிறாள். நானும் "ஆமாக்கா" என்று கும்பிட்டுவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் மட்டும் ஒரு மழை, அதுவும் எங்கள் அண்ணன் வீட்டுக் கொல்லையில் மட்டும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிறேன். சாமி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும்.

இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் அதலைக்கொடியால் வந்தது.

பங்குனியில் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அப்போது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னீர்கள். "செல்வி, அதலைக் கிழங்கு தூங்குது புள்ள. மழை விழுற மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி விட்றக் கூடாது. அழுகிரும்." எனக்குக் கோபம் வந்தது. திருப்பூரில் இருக்கிற மகளைப் பற்றிச் சொல்வீர்கள், அண்ணனைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காதைக் கொடுத்தால், போயும் போயும் ஒரு கசப்புக் காயைப் பற்றியா பேச்சு? "நீங்களே வந்து பாத்துக்கோங்க" என்றேன். நீங்கள் வரவில்லை.

உங்களுக்கு அது வெறும் காய் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வரும்போது உங்கள் அப்பாவின் கரிசல் காட்டு வரப்பிலிருந்து கிழங்கைத் துணியில் முடிந்து கொண்டுவந்தீர்கள். அந்தக் காட்டில் இப்போது கம்பெனி ஷெட் நிற்கிறது. வரப்பு இல்லை, கொடியும் இல்லை. உங்கள் கொல்லையில் கிடக்கிறதுதான் மிச்சம்.

அதை நீங்கள் வைத்திருந்த விதத்தை நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! நடுவில் துவரை, அதன் காலடியில் அதலை, மண்ணை மூடப் பாசிப்பயறு. கொடி துவரையைப் பிடித்து ஏறிக்கொள்ளும். மூன்றும் வானம் பார்த்தது, மழையைத் தவிர யாரிடமும் எதுவும் கேட்காது. ஒரு தடவை நான் நாலு கீரைத்தண்டை அங்கே ஊன்றப் போனதற்கு என்ன சத்தம் போட்டீர்கள். "அது நெதமும் தண்ணி கேக்குற சாதி, இது தண்ணிய கண்டா செத்துப்போற சாதி. ரெண்டையும் ஒரே பாத்தியில வச்சா வெளங்குமா?" கீரையைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்து அனுப்பினீர்கள்.

ஆடி கடைசியில் ஒரு சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போனேன். ஆள் இளைத்திருக்கிறார். ஒருவழியாக செல்போன் வாங்கிவிட்டார். மணி அடித்தால் அதைத் தூரத்தில் பிடித்து, பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். லோடு ஏற்றிவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்தார், நேரே கொல்லைக்குப் போனார், அதலைப் பாத்தியில் அப்படியே கவிழ்த்தார்.

"அண்ணே, என்ன செய்யுறீக?"

"காஞ்சு கெடக்குல்ல. நெதமும் ஒரு கொடம் ஊத்துறேன்."

நெதமும்! சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. பாத்தி நாற்றங்கால் போலச் சொதசொதவென்று கிடந்தது. எவரிடமும் முகத்துக்கு நேரே பேசுகிற இந்தச் செல்விக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி வைத்த செடியைக் காப்பாற்றுகிறேன் என்று நிற்கிறவரிடம், நீங்களே கொன்றுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் விஸ்வநத்தத்துக்குத் திரும்பி வந்தும் மனசு ஒரு இடத்தில் இருக்கவில்லை. திரியை மாற்றி மாற்றிப் பின்னினேன். "ஏ செல்வி, கவனத்த எங்கன வச்சிருக்க?" என்று மேஸ்திரி கத்தினார். வீட்டில் சோறு குழைந்தது. கிழங்கு இருக்கிறதா, போய்விட்டதா? மழை வந்தால்தான் தெரியும். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை?

போன வாரம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அண்ணன் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் பாத்தியைக் கையாலேயே தோண்டினேன். முதலில் கையில் வந்ததெல்லாம் கூழ். ஒரே அழுகல் நாற்றம். அழுதுகொண்டே தோண்டினேன் மதினி. துவரையின் வேரடிக்குப் போனதும் மண் கொஞ்சம் காய்ந்திருந்தது. அங்கே ஒரு கிழங்கு அழுத்தினால் அமுங்காமல் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அண்ணன் ஊற்றியதில் பாதியைத் துவரை குடித்திருக்கிறது. நீங்கள் சேர்த்துவைத்த கூட்டு உங்களுக்குத் துரோகம் செய்யவில்லை.

மண்ணை மூடிவிட்டுத் திரும்பினால் அண்ணன் நிற்கிறார். லாரி வராததால் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம்.

"அழுகிருச்சா?" என்று கேட்டார்.

"ரெண்டு தப்பிச்சிருக்கு. தண்ணியே ஊத்தக் கூடாதுண்ணே. மதினி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாக."

"எங்கிட்டயும் சொன்னா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுமா ஊத்துனீக?"

அவர் குடத்தைப் பார்த்தபடி நின்றார். "வேலை விட்டு வந்ததும் நான் ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து வச்சாத்தான் அவ அடுப்பப் பத்த வைப்பா. இப்பவும் சாயங்காலமானா கை கொடத்துக்குத்தான் போகுது. புடிச்ச தண்ணிய எங்கன ஊத்தன்னு தெரியல தாயி."

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூடக் கல் மாதிரி நின்ற மனுஷன், அப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

பிறகு எழுந்து, பக்கத்து வீட்டில் பொன்னாங்கண்ணித் தண்டு ஒடித்து வந்தேன். அதலைக்கு எட்டாத மூலையில், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஊன்றினேன். "இதுக்கு நெதமும் ஒரு கொடம் வேணும்ணே. ஒரு நாள் விட்டாலும் வாடிரும்" என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். "ஒரு கொடம் பத்துமா?" என்று கேட்டுக்கொண்டே குழாயடிக்குப் போனார். இந்தத் தடவை கீரையைப் பிடுங்க நீங்கள் வர வேண்டாம்.

மழைதான் இன்னும் வரவில்லை. அந்த இரண்டு கிழங்கும் எழுந்திருக்குமோ, அதற்குள் அதுவும் போய்விடுமோ, எனக்குத் தெரியவில்லை. எழுந்தால் முதல் காயை நானே வதக்கி அண்ணனுக்குப் போடுகிறேன். உங்கள் கைப்பக்குவம் இல்லை என்று அவர் திட்டட்டும். எழுந்திருக்காவிட்டால் அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். இது சத்தியம். நீங்களும் அவரைக் கோபிக்காதீர்கள் மதினி.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் உங்கள் நாத்தனார்,
செல்வி
விஸ்வநத்தம்