ஜனுஷனுக்குச் செய்த அட்டை

ஸ்பிரிங்வெளி,
02.06.2024

அன்பின் துவாரகா,

கண்டியில் சாப்பாடு சரியா, தூக்கம் சரியா? எனக்கு இரண்டுமே இல்லை. வீட்டுக்கு இருக்கிற ஒரே போன் தம்பி கையில். அதனால் இதையெல்லாம் காகிதத்தில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

பதுளை புத்தகக் கடை ஜனுஷனுக்கு நானே ஒரு அட்டை செய்கிறேன். சிரிக்காதே. நான் வேலை பார்க்கிற பிள்ளை மடுவத்தில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு வெட்டுகிறேன், ஒட்டுகிறேன், கிழிக்கிறேன். இதயம் வெட்டினால் பலாக்கொட்டை மாதிரி வருகிறது. சிவப்பு பிரிஸ்டல் போட் அட்டை தீர்ந்துபோய் அவர் கடைக்கே மறுபடி போனேன். "எந்தப் புள்ளைக்கு இவ்வளவு ஜோடனை?" என்று கேட்டார். "ஒரு பெரிய புள்ளைக்குங்கண்ணே" என்றேன். வெளியே வந்து என் வாயிலேயே அடித்துக்கொண்டேன்.

கடை முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்ணா என்று நீ கேட்பாய். ஆனால் தோட்டத்து ஆட்களை "வாங்க, உக்காருங்க" என்கிற கடைக்காரர் அவர் ஒருவர்தான். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருக்கிறது.

உன்
சுபாஜினி


கண்டி,
07.06.2024

என் அருமைச் சுபா,

முதலில் அந்த "அண்ணே"வை விடு. கண்டவரை எல்லாம் அண்ணனாக்கினால் உனக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வருவான்? அட்டையில் வெறும் பெயரை மட்டும் எழுது. நேரில் கொடு. கொடுத்துவிட்டு ஓடாதே, உன்னைத் தெரியும்.

பாசத்துடன்
துவாரகா


ஸ்பிரிங்வெளி,
14.06.2024

துவாரகா,

கெடுத்துவிட்டேன். மினுக்குப் பசையால் அழகாக எழுதி முடித்துப் பார்த்தால், "ஜனுஷன் அண்ணாவுக்கு" என்று இருக்கிறது. கை தானாக எழுதிவிட்டது. சுரண்டினால் அட்டை கிழிகிறது. புதிதாகச் செய்ய நேரமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெண் வீட்டார் வருகிறார்களாம். "அண்ணா" மேல் ஒரு காகிதப் பூவை ஒட்டியிருக்கிறேன். நாளைக்கே கொடுக்கப் போகிறேன்.

சுபா


ஸ்பிரிங்வெளி,
15.06.2024

அன்பின் துவாரகா,

கொடுத்தேன். ஓடவில்லை.

அவர் அட்டையைத் திறந்ததும் பூ கழன்று விழுந்தது. கல்லாவில் இருந்த அவர் அப்பா எட்டிப் பார்த்து, "ஜனுஷன் அண்ணாவுக்கு" என்று சத்தமாக வாசித்தார். "நம்ம ஸ்பிரிங்வெளி தங்கச்சிப்பா" என்றார் ஜனுஷன், அவசர அவசரமாக.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல புள்ள. நாளைக்கி அண்ணனுக்குப் பொண்ணு பேச வாறாங்க. நீயும் வந்து கூடமாட ஒத்தாசை பண்ணும்மா" என்றார்.

தலையாட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கடைக்கு எப்போதும் போல் போய் வந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

"இல்லைங்க, அது பழக்கத்துல எழுதிட்டேன். ஜனுஷன், எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் இதச் செஞ்சேன்" என்றேன்.

அவர் காது சிவந்தது. தலை நிமிரவில்லை. அப்பா எழுந்து, "கடை சாத்தணும்" என்றார், பட்டப்பகலில்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அட்டையை அவர் திருப்பித் தரவில்லை, ஆனால் அதை வைத்து நான் கோட்டை கட்டப் போவதில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு அவர் சரி என்றே சொல்லலாம். சொல்லட்டும். நான் அவருக்குத் தங்கச்சி இல்லை என்று தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

உன்
சுபாஜினி