மீன்கொத்தி மங்கல், நாணல் பளிச்

மார்ச் 3, திங்கள்
அண்ணன் விடிந்ததும் கேமராவோடு ஏரிக்குப் போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை. மீன்கொத்தி இன்றும் படத்தில் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறதாம். "டீ அரை டம்ளர் போதும்" என்றார். இப்போதெல்லாம் அரைதான். முழுசாகக் கொடுத்தால் கை ஆடிச் சிந்துகிறது. அதை நான் பார்க்கக் கூடாதாம். நானும் பார்க்காத மாதிரி சாமி விளக்கைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

மார்ச் 5
தண்ணீர் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 8, சனி
அண்ணன் மகள் வந்திருந்தாள். "லென்ஸ்ல கோளாறு இருக்கான்னு பாத்துடலாம்ப்பா" என்று ஆரம்பித்தாள். வீட்டு நடையின் ஒரு கோடியில் ஸ்டாண்ட் போட்டுக் கேமரா. மறு கோடியில் என் பிரார்த்தனைப் புத்தகம், பக்கத்தில் சாய்த்து வைத்த அளவுகோல். ஆட்டோஃபோகஸ் எந்த எழுத்தைப் பிடிக்கிறதோ அதுதான் தெளிவாக விழ வேண்டுமாம். முன்னே பின்னே விழுந்தால் கேமராவுக்குள் ஒரு எண்ணை மாற்றிச் சரிசெய்யலாமாம். முன்னேயும் விழவில்லை, பின்னேயும் விழவில்லை. எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது.

"அப்ப லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். காலமெல்லாம் வரைபடம் வரைந்து சோறு போட்ட கை.

மார்ச் 9
கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. டாக்டரிடம் காட்டலாமே என்றேன். "எதுக்கு? ஆடுதுன்னு அவர் வேற சொல்லணுமா?"

மார்ச் 15
கடவுளே, அந்த லென்ஸ் கெட்டுப் போயிருக்கட்டும். இப்படியும் ஒரு வேண்டுதலா? வேண்டிவிட்டேன்.

மார்ச் 19, புதன்
"வித்துடு" என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டார். கேமரா ரிப்பேர் கடைக்காரரிடம் போனேன். அண்ணன் வேலை பார்த்தது, கை ஆடுவது, மீன்கொத்தி, நடையில் புத்தகம் வைத்தது எல்லாம் சொன்னேன்.

"அம்மா, நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருந்த படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். திரையை என் பக்கம் திருப்பினார். மீன்கொத்தி மங்கல். பின்னால் இருந்த நாணல், ஒவ்வொரு தாளும் கத்தி மாதிரி.

"கை ஆடியிருந்தா நாணலும் சேந்து ஆடியிருக்கணும்ல? ஃபோகஸ் பின்னால போய் விழுது. நடையிலயா மீன்கொத்தி வந்து உக்காருது? புத்தகத்த அது உக்கார்ற தூரத்துல வச்சுப் பாருங்கம்மா. நீள லென்ஸ் கிட்டத்துல ஒரு மாதிரி, தூரத்துல ஒரு மாதிரி."

கடையிலயே அழுதுட்டேன். என்ன சொல்லிட்டு வந்தேன்னே தெரியல. கேமராவ நெஞ்சோட அணைச்சுட்டு வந்துட்டேன்.

மார்ச் 22, சனி
ஏரிக்கரை. கடைக்காரர் சொன்னபடியே, மீன்கொத்தி உட்காரும் தூரத்தில், வேலிக்கு முன்னால் அண்ணனும் மகளும் என்னை உட்கார வைத்தார்கள். மடியில் பலகை, பலகையில் புத்தகம். தைரியமாக இருக்கட்டும் என்று நான் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். கேமரா பக்கத்திலிருந்து போனில் அண்ணன் மகள், "அத்தை, பேசாதீங்க! புத்தகம் ஆடுது!"

வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள்தான் ஜெபம்.

முதல் படத்தில் எழுத்து மங்கல், வேலிக் கம்பி பளிச். அண்ணன் கேமராவில் அந்த எண்ணை மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். வெயில் ஏறினால் காற்றே நெளியுமாம், அதற்குள் முடிக்க வேண்டுமாம். கடைசிப் படத்தைப் பெரிதாக்கி, பிரார்த்தனையின் முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். கோயில் வாசலைக்கூட மிதிக்காத மனுஷன்.

மார்ச் 30, ஞாயிறு
மீன்கொத்தியின் கண் படத்தில் பளிச்சென்று விழுந்துவிட்டது. கண்ணுக்குள் சின்னதாக வானம்கூடத் தெரிகிறது. அது ஸ்டாண்டில் வைத்து எடுத்தது. கையில் பிடித்து எடுத்த இன்னொன்றையும் காட்டினார். அதில் நாணலும் சேர்ந்து அசைந்திருந்தது.

"இது லென்ஸ் இல்ல. இது நான்" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி.

டீ முழு டம்ளர் கேட்டார். சிந்தியது. துணியை எடுத்து அவரே துடைத்தார்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறார். நானும் கூட வரணுமாம். வந்து பேசாமல் உட்காரணுமாம்.