இந்த வாரம் கிழமை சொல்லவில்லை

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. எழுந்ததும் சாப்பிடுங்கள். சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில்.

எங்கள் பத்தாம் வகுப்பு இன்று வாய்க்காலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கப் போகிறது. ஆமாம், நீங்கள் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குப் பின்னால்தான். என்றைக்குப் போகிறோம் என்று வாராவாரம் உங்களிடம் உளறிக் கொட்டியது நான்தான். போன தடவையெல்லாம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. டீச்சர் பட்டறையைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்.

நேற்று நீங்கள் குளிக்கும்போது உங்கள் போனை எடுத்தேன். நீங்கள்தான் என்று நினைத்து உங்கள் ஃபோர்மேன், "பொண்ணு என்னைக்குன்னு சொல்லிச்சா? சாயத் தண்ணி வால்வை மூடணும்ல?" என்றார்.

கேட்டதற்கு, "நம்ம சோறு அங்கதான்மா இருக்கு" என்றீர்கள். இருக்கட்டும். அந்தச் சோறு வேகிறது வாய்க்கால் ஓரக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

மாத்திரை தட்டுக்குப் பக்கத்தில். கோபத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

பி.கு: போனை ஒளித்து வைக்கவில்லை, சார்ஜில்தான் இருக்கிறது. வால்வை மூடச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். நாளைக்கும் வருவோம், நாளை மறுநாளும் வருவோம். எங்களுக்காக மூடுவதென்றால் இனி தினமும் மூடித்தான் வைக்க வேண்டும்.